அட்மின், அட்மின்@123

பொறியியல் கலந்தாய்வில் ஒரு பெண் 'சி.எஸ்.இ. சைபர் செக்யூரிட்டி' என்ற இடத்தை உறுதிசெய்த அன்று சாயங்காலமே அவளுக்கு வேலை கிடைத்துவிடுகிறது. சம்பளம் மட்டும் கிடையாது. பெரியப்பாவின் படத்தைப் போட்டு எவனோ ஃபேஸ்புக்கில் இன்னொரு கணக்கு தொடங்கி, சொந்தக்காரர்களிடம் அவசரச் செலவுக்கு ஐயாயிரம் கேட்டுக்கொண்டிருக்கிறான். தாய்மாமனின் போன் சூடாகிறது. பக்கத்து வீட்டு அத்தைக்கு மருமகளின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் மட்டும் தெரிவதில்லை. "ஏங் கண்ணு, நீ அதைத்தானே படிக்கறே, கொஞ்சம் பார்த்துக் குடு" என்று ஆளுக்கொரு போனை நீட்டுகிறார்கள். கல்லூரி திறக்கவே இன்னும் நாள் கிடக்கிறது. பிளஸ் டூவில் அவள் எடுத்திருந்தது உயிரியல். அத்தையின் சிக்கலுக்கு மட்டும் பார்த்த உடனே விடை தெரிந்துவிட்டது. ஆனால் மருமகளே மறைத்து வைத்திருக்கிறாள் என்பதை அத்தையிடம் யார் சொல்வது?

ஈரோடு, நாமக்கல், கோவை வட்டாரத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு பொறியியல் கல்லூரி வாசலில்தான் விழ வேண்டும். அப்படி ஒன்றில் அவள் சேர்ந்தாள். போனதும் தெரிந்தது, முதலாண்டுப் பாடத்தில் சைபரும் இல்லை, செக்யூரிட்டியும் இல்லை என்பது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டப்படி முதல் பருவத்தில் கணிதம், இயற்பியல், வேதியியல், பைத்தான், தமிழர் மரபு. இரண்டாம் பருவத்தில் இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ். மினி டிராஃப்டரைச் சுமந்துகொண்டு டவுன் பஸ்ஸில் நின்றபடி போய், கூம்பைச் சாய்வாக வெட்டினால் என்ன வடிவம் வரும் என்று வரைய வேண்டும். போதாததற்குப் பணிமனை வகுப்பு: குழாய் இணைப்பு, தச்சு, வெல்டிங். அந்த ஆண்டு விடுமுறையில் சமையலறைக் குழாய் ஒழுகியபோது அப்பா அவளைக் கூப்பிட்டார். அதுவரை வந்த அழைப்புகளில் அது ஒன்றுதான் படிப்புக்குப் பொருத்தமானது.

பிறகு ஒருவழியாக, செய்தியை ரகசியமாக்கும் கிரிப்டோகிராஃபி பாடம் வந்தது. 1977-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ரிவெஸ்ட், ஷமீர், அடில்மன் என்ற மூவர் உருவாக்கிய ஆர்.எஸ்.ஏ. முறையைத் தேர்வுத்தாளில் கையால் போட்டுக் காட்ட வேண்டும். 3, 11 என்று இரண்டு பகா எண்கள். பெருக்கினால் 33. பூட்டும் சாவி 7, திறக்கும் சாவி 3. '2' என்ற செய்தியை ஏழாம் அடுக்குக்கு உயர்த்தினால் 128. அதை 33-ஆல் வகுத்தால் மீதி 29. இதோ ரகசியம் தயார், 13 மதிப்பெண். உலகத்தில் நிஜமாகப் புழங்கும் 2048 பிட் சாவியை எழுதிப் பார்த்தால் 617 இலக்கம் வரும். நம் ரகசியத்தை உடைக்க மூன்றாம் வாய்ப்பாடு தெரிந்த பிள்ளை போதும். இதே முறையை இங்கிலாந்தின் உளவு அலுவலகத்தில் கிளிஃபர்ட் காக்ஸ் என்பவர் 1973-லேயே கண்டுபிடித்திருந்தார். ரகசியம் காப்பது அவர்கள் தொழில் என்பதால் அதையும் 1997 வரை வெளியில் விடவில்லை. பேரும் புகழும் எம்.ஐ.டி. மூவருக்கே போய்ச் சேர்ந்தது.

அந்த மூவரின் 1978 கட்டுரையில்தான் ஆலிஸ், பாப் என்ற இருவர் அறிமுகமானார்கள். ஆலிஸ் பாபுக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டும்; பின்னாளில் வந்து சேர்ந்த ஈவ் என்பவள் அதை ஒட்டுக்கேட்பாள். இத்தனை வருடமாக எல்லாப் பாடப்புத்தகத்திலும் இதே கதைதான். இவர்கள் அப்படி என்னதான் பேசிக்கொள்கிறார்கள் என்று எந்த ஆசிரியரும் சொன்னதில்லை. இருவரும் ஒரு நாள் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நேரில் பார்த்துப் பேசிவிட்டால் துறையில் பாதியை மூடிவிடலாம்.

'தகவல் முறைமைகள்' என்ற பாடம் வேறு உண்டு. வன்பொருள், மென்பொருள், தரவு, நடைமுறை, மனிதர் என்ற ஐந்தும் சேர்ந்ததே ஒரு முறைமை என்கிறது. முதல் நாலுக்கும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு ஐந்தாவதை அரைப் பக்கத்தில் முடித்துவிடுகிறார்கள். அந்த அரைப் பக்கத்துக்கு விளக்கவுரை வேண்டுமென்றால் ஆய்வகத்துக்குப் போக வேண்டும்.

நான்கு ஜிபி ரேம் உள்ள கணினி. அதற்குள் ஒரு விர்ச்சுவல் மெஷினில், தாக்கும் கருவிகளோடு வரும் காளி லினக்ஸ். இன்னொன்றில் மெட்டாஸ்ப்ளாய்ட்டபிள், அதாவது மாணவர்கள் உடைத்துப் பழகுவதற்காக வேண்டுமென்றே ஓட்டைகளோடு செய்த கணினி. இரண்டையும் சேர்த்து ஓடவிட்டால் தாக்குவது, தாக்கப்படுவது, சுமப்பது மூன்றும் ஒன்றாகப் படுத்துவிடும். சரி, இணையத்திலாவது பார்க்கலாமென்றால், 'ஹேக்கிங் வகைத் தளம், அனுமதி இல்லை' என்கிறது கல்லூரி ஃபயர்வால். ஃபயர்வால் பாடத்தைப் படிக்கவே ஃபயர்வாலைச் சுற்றிக்கொண்டு போக வேண்டிய நிலை. மொத்த வகுப்பும் ஒருத்தியின் ஹாட்ஸ்பாட்டில் தொங்கியது. இவ்வளவு கெடுபிடிக்கும் நடுவில் ஒவ்வொரு மானிட்டரின் நெற்றியிலும் ஒரு சீட்டு: பயனர் அட்மின், கடவுச்சொல் அட்மின்@123. காகிதம் கிழிந்துவிடக் கூடாதே என்று லேமினேட் செய்திருந்தார்கள்.

சிரிக்க ஒன்றுமில்லை, கடவுச்சொல்லின் சரித்திரமே இப்படித்தான். அறுபதுகளின் தொடக்கத்தில் எம்.ஐ.டி.யில் பலர் ஒரே கணினியைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாட்டை ஃபெர்னாண்டோ கார்பட்டோ என்பவர் செய்தார். அவரவர் கோப்பு அவரவருக்கு என்று பிரிக்கக் கடவுச்சொல் வந்தது. ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு 4 மணி நேரம்தான் ஒதுக்கியிருந்தார்கள். அவர் ஆய்வுக்கு அது எந்த மூலைக்கு? 1962-இல் ஒருநாள், கடவுச்சொல் கோப்பை அச்சடித்துத் தரும்படி ஒரு துளை அட்டையில் எழுதிப் போட்டார். இயந்திரம் மறுபேச்சில்லாமல் அச்சடித்துத் தந்தது. உலகின் முதல் கடவுச்சொல் திருட்டு என்று இதைத்தான் சொல்கிறார்கள். திருடன் மாணவன், நோக்கம் படிப்பு! 1966-இல் அதே கணினியில் இரண்டு கோப்புகள் இடம் மாறிப்போய், உள்ளே நுழைந்தவர்களுக்கெல்லாம் வரவேற்புச் செய்திக்குப் பதிலாக எல்லாருடைய கடவுச்சொல்லும் அச்சாகி வந்தது. லேமினேஷன் மட்டும்தான் குறை.

கடவுச்சொல்லில் ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு குறி வேண்டும், அடிக்கடி மாற்றவும் வேண்டும் என்று உலகத்தையே வதைத்த அறிவுரை 2003-இல் அமெரிக்காவின் தர நிறுவனமான நிஸ்டில் பில் பர் என்பவர் எழுதியது. எழுதியதில் பெரும்பகுதிக்கு இப்போது வருந்துகிறேன் என்று 2017-இல் அவரே ஒரு பத்திரிகைக்குச் சொல்லிவிட்டார். அந்தச் சேதி அலுவலகங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

பாடப்புத்தகம் எதிரியைக் கறுப்பு முக்காடு போட்டவனாக, எங்கோ வெளிநாட்டில் உட்கார்ந்திருப்பவனாக வரைகிறது. சரித்திரத்தைப் புரட்டினால் அவன் வருகைப் பதிவேட்டில் பெயர் உள்ள பையனாக இருக்கிறான். 1988 நவம்பர் 2 அன்று கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டாப்பன் மாரிஸ் ஒரு புழு நிரலை வலையில் விட்டார். கார்னெல் என்று தெரிந்துவிடாமலிருக்க எம்.ஐ.டி. கணினியிலிருந்து விட்டார். போகிற இடத்தில் கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்க அதற்குள் 432 சொற்கள் வைத்திருந்தார். ஒரு கணினிக்குள் நுழையுமுன் 'ஏற்கெனவே நான் இங்கே இருக்கிறேனா?' என்று அது விசாரிக்கும். இருக்கிறாய் என்று பதில் வந்தால் போய்விட வேண்டியதுதானே? யாராவது பொய்ப் பதில் சொல்லி ஏமாற்றிவிட்டால் என்ன செய்வது என்று மாரிஸ் யோசித்தார். அதனால் ஏழில் ஒரு முறை, பதில் என்னவானாலும் உள்ளே நுழைந்துவிடு என்று எழுதினார். அந்த ஏழில் ஒன்றுதான் குடியைக் கெடுத்தது. ஒரே கணினியில் புழு மேல் புழுவாகச் சேர்ந்து, கணினிகள் மூச்சுத் திணறி நின்றன. அன்றைய இணையத்திலிருந்த சுமார் 60,000 கணினிகளில் 6,000 முடங்கியதாக ஒரு மதிப்பீடு உண்டு. பயந்துபோன மாரிஸ், நண்பர் ஒருவர் மூலம் மன்னிப்பும் மாற்று மருந்தும் எழுதி அனுப்பச் செய்தார். வலைதான் ஸ்தம்பித்துக் கிடக்கிறதே, கடிதம் எங்கே போகும்?

அவருடைய அப்பா அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ.வில் கணினிப் பாதுகாப்பு விஞ்ஞானி. அன்று இரவு அந்த வீட்டில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்பதைத் தமிழ் அப்பாக்களின் கற்பனைக்கே விட்டுவிடலாம். மாரிஸுக்கு 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூகசேவை, 10,050 டாலர் அபராதம். பிற்பாடு அவர் எம்.ஐ.டி.யிலேயே பேராசிரியரானார். இதைச் சொல்லும்போது மட்டும் நம் பேராசிரியர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

எல்லாருக்கும் இந்த யோகம் வாய்க்காது. மணிலாவில் ஓனல் டி குஸ்மான் என்ற மாணவர், பிறர் கடவுச்சொல்லைத் திருடி இலவசமாக இணையத்தில் உலவும் நிரலையே பட்ட ஆய்வாகச் செய்கிறேன் என்று கேட்டார், கல்லூரி மறுத்தது. 2000 மே மாதம் அவர் விட்ட வைரஸ், 'ஐ லவ் யூ' என்ற தலைப்போடு மின்னஞ்சலாக உலகத்தைச் சுற்றியது. காதல் கடிதமாயிற்றே என்று திறந்தவர்கள் லட்சக்கணக்கில். பிலிப்பைன்ஸில் அப்போது அதற்கென்று சட்டமே இல்லாததால் வழக்கு நிற்கவில்லை. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் கணினி படித்த பாரஸ் ஜா இன்னும் ஒருபடி மேலே போனார். சொந்தக் கல்லூரியின் வலையமைப்பையே அடிக்கடி முடக்கினார். அதே காலத்தில் இத்தகைய தாக்குதலைத் தடுத்துத் தரும் நிறுவனம் ஒன்றையும் நடத்திவந்தார். அவரும் கூட்டாளிகளும் 2016-இல் செய்த மிராய் என்ற நிரல், வீட்டுக் கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்துப் படையாகச் சேர்த்தது. பிரமாத வித்தை ஒன்றுமில்லை. தொழிற்சாலையில் வைத்து அனுப்பும் அறுபதுசொச்சம் பெயர், கடவுச்சொல் ஜோடிகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். அட்மின், அட்மின் அதில் உண்டு. ரட்கர்ஸ் வழக்கில் அவருக்கு 86 லட்சம் டாலர் நஷ்டஈடும் 6 மாத வீட்டுக்காவலும் விதித்தார்கள்.

நம் மாணவி இப்படி எதுவும் செய்யவில்லை. பொங்கல் விடுமுறையில் மட்டும் ஒரு வீரச்செயல். சி.பி.ஐ. அதிகாரி என்று சொல்லிக்கொண்டு ஒருவன் வீடியோவில் தாத்தாவை 'டிஜிட்டல் கைது' செய்து, அறையை விட்டு வெளியே வரக் கூடாது என்று மிரட்டிக்கொண்டிருந்தான். இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. அவள் போனை வாங்கிச் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டு, சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் புகார் சொன்னாள். "இதுக்காம்மணி நாலு வருசம் படிக்கறே?" என்றார் தாத்தா.

கடைசி ஆண்டில் புராஜெக்ட். மாநிலம் முழுக்கப் பாதிப்பேர் செய்யும் அதே புராஜெக்ட்தான்: மெஷின் லேர்னிங் மூலம் ஃபிஷிங் தளங்களைக் கண்டறிதல். இதற்கென்று கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் யு.சி.ஐ. களஞ்சியத்தில் 11,055 வரிகள், 30 அடையாளங்கள் கொண்ட தரவுத்தொகுப்பு ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. முகவரியில் பெயருக்குப் பதில் எண்கள் இருக்கிறதா, நடுவில் கோடு இருக்கிறதா, நீளம் அதிகமா, பாதுகாப்புச் சான்றிதழ் உண்டா என்று பார்த்து 'போலி', 'அசல்' என்று சொல்லும். இறுதி ரிவ்யூவில் வெளித்தேர்வாளர் உட்கார்ந்திருந்தார். "ஏதாவது ஒரு லிங்க்கைப் போட்டுக் காட்டுங்கம்மா" என்றார். கையருகே இருந்தது கல்லூரியின் கட்டண லிங்க், அதைப் போட்டாள். எண் முகவரி, சான்றிதழ் காலாவதி, முழ நீளம். திரை சிவப்பாகி 'போலி, 97 சதவீதம்' என்றது.

வெளித்தேர்வாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். கைடு முன்னால் குனிந்து, "அந்த அக்யூரசியைக் கொஞ்சம் குறைச்சுக் காட்டும்மா" என்றார்.