கடுகளவுக் காரின் காரம்

கேள்வி: பெரிய இயந்திரம் இல்லாமல் ஒரு கார் பந்தயக் குணம் பெற முடியுமா? (கிள்ளான் வாசகர்)

பதில்: கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பதற்குக் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே சான்று உண்டு. 1996-இல் பிரிட்டனின் லோட்டஸ் நிறுவனத்தைத் தன்வயப்படுத்திய மலேசியக் கார் நிறுவனமான புரோட்டோன், பந்தயம், ராலி, ஆராய்ச்சி ஆகிய மூன்றையும் குறிக்கும் ஆர்3 என்ற பெயரில், தன் மூன்று கதவுச் சத்ரியா காரை 150 கார்கள் மட்டுமே கொண்ட சிறப்புப் பதிப்பாக 2004-ஆம் ஆண்டையொட்டி உருவாக்கியது. அதன் இயந்திரம் 1.8 லிட்டர்தான், ஆனால் காற்றை உள்ளிழுக்கும் வால்வுகளையும் புகையை வெளியேற்றும் வால்வுகளையும் தனித்தனித் தண்டுகள் இயக்கியதால், அது உயர்சுழற்சியிலும் தாராளமாக மூச்சுவிட்டது. உடற்கூட்டின் தகடுகளை இணைக்கும் பற்றவைப்புப் புள்ளிகள் கூடுதலாக இடப்பட்டதால், வளைவுகளில் கூடு முறுகாமல் நிற்க, சக்கரங்களைத் தரையோடு பிணைக்கும் சஸ்பென்ஷன் தன் கடமையைப் பிசகின்றிச் செய்தது. ஒலியடக்கும் பொருள்கள் நீக்கப்பட்டதால் எடை குறைந்தது. இயந்திரத்தின் பாட்டும் ஓட்டுநருக்கு இலவசமாகக் கிடைத்தது. எடை குறைந்தால் முடுக்கம், தடுப்பு, திருப்பம் ஆகிய மூன்றும் ஒருசேர மேம்படும் என்பது இயற்பியல் விதி. கூட்டரசு நெடுஞ்சாலையின் மாலை நெரிசலில் எல்லாக் கார்களும் சமமே. ஆனால் பொறியியலின் பெருமையை முதல் வளைவே அறிவித்துவிடும்.