நீட்டிய கால்: சூப்பர்மோட்டோ பயிற்சி நாள் குறித்த ஆய்வுக்கு ஒரு முன்னுரை

சூப்பர்மோட்டோ பயிற்சி நாள் ஐந்து உறுப்புகளை உடையது: வருதல், இறக்குதல், காத்திருத்தல், ஓட்டுதல், காரணம் கூறுதல். வருதல் வேனில் நிகழும். இறக்குதலுக்கு ஆள் துணை வேண்டும். காத்திருத்தலைப் பற்றி எழுதப் புகுந்தால் நூல் முடியாது. காரணம் கூறுதலில் டயரின் காற்றழுத்தமே என்றும் குற்றவாளி. எஞ்சுவது ஓட்டுதல். அதிலும் ஆய்வுக்குரியது, வளைவின் உள்பக்கம் நீண்டு நிற்கும் அந்த ஒற்றைக் கால். கற்றுக்குட்டி அங்கே பழகுவது வண்டி ஓட்டுவதை அன்று, காலை நீட்டுவதை என்பதே இக்கட்டுரையின் துணிபு.

முதலில் வரலாறு; அது இல்லாத ஆய்வேட்டை யாரும் கையால்கூடத் தொடமாட்டார்கள். மோட்டோகிராஸ் ஓட்டுபவர், மண் வட்டத்தில் ஓட்டுபவர், சாலைப் பந்தயம் ஓட்டுபவர் ஆகிய மூவகையாருள் எவர் வல்லவர் என்று தீர்க்க, 1979இல் கலிபோர்னியாவின் கார்ல்ஸ்பாட் களத்தில் ஏபிசி தொலைக்காட்சிக்காக ‘சூப்பர்பைக்கர்ஸ்’ போட்டி நடந்தது. பாதையில் கொஞ்சம் தார், கொஞ்சம் மண். மோட்டோகிராஸ் வண்டிக்கு 17 அங்குலச் சக்கரமும் வழுவழுப்பான ஸ்லிக் டயரும் பூட்டும் இன்றைய சூப்பர்மோட்டோ வழக்கம் அந்த மரபில் வளர்ந்ததே. மண்ணில் முன்சக்கரம் சட்டென்று நழுவும். காலை முன்னே நீட்டினால் உடலின் எடை முன்பக்கம் இறங்கும். விழப்போனால் ஊன்றிக்கொள்ளவும் ஆகும். ஆக, கால் நீண்டதற்குக் காரணம் மண். ஆனால் கற்றுக்குட்டி காசு கட்டி ஓட்டும் இடம் பெரும்பாலும் கோ-கார்ட் தடம், விளிம்புக்கு விளிம்பு தார். மண் போய்விட்டது, கால் போகவில்லை.

சொல்லாராய்ச்சி இதற்கு வெளிச்சம் தரும். தமிழில் ‘கால்’ என்பது உடலுறுப்பு, காற்று, நான்கில் ஒரு பங்கு. நீட்டுவது கால், டயரில் அடைப்பது கால், ஒரு குழுவைத் தடத்தில் விடும் நேரமும் பல இடங்களில் கால் மணி. இம்மூன்றையும் ஒரே வேரில் கட்டி, சூப்பர்மோட்டோ நம்முடையதே என்று நிறுவ இரண்டு கருத்தரங்குகள் போதும். அப்பணியைத் தகுதியுடையோருக்கு விடுகிறோம். அவர்கள் பைக்கைப் பார்த்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆதாரம் ஓர் ஓலைச்சுவடி. அதில் இச்செய்தி இல்லை. ஆனால் ஏழாம் ஓலையைக் கரையான் தின்றுவிட்டதால், செய்தி அங்கேதான் இருந்திருக்க வேண்டும். மறுப்போர் எவரும் இதுவரை கரையானை விசாரிக்கவில்லை. அவ்வோலைக்கு எழுந்த உரை, உரைக்கு எழுந்த விளக்கம், விளக்கத்தின் ஓரத்தில் யாரோ பென்சிலால் இட்ட கேள்விக்குறி ஆகிய மூன்றுமே தொலைந்திருப்பது சான்றின் தொன்மையைக் காட்டும்.

அஃதேல், தாரிலும் வல்லவர்கள் காலை நீட்டுகிறார்களே எனின், உண்மை. அவர்கள் வண்டியைத் தமக்குக் கீழே சாய்த்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, வெளிப்பக்க மிதிகட்டையில் எடையைப் போடுகிறார்கள். உள்காலுக்கு அங்கே வேலை குறைந்துபோவதால் அது வெளியே வருகிறது. வல்லவருக்குக் கால் கடைசியில் வரும். கற்றுக்குட்டிக்கு அது பிரேக் பிடிக்கும் முன்னரே வந்துவிடும், ஆட்டோக்காரர் திரும்புமுன் கால் காட்டுவதுபோல. சாலைப் பந்தயக்காரர்போல முழங்காலைத் தரையில் தேய்க்கலாமே என்பாரும் உளர். அவர்கள் வேறு மடம்.

இன்னும் ஐயம் தீராதவர் ஒரு வலது வளைவில் போய் நிற்கட்டும். பின்பிரேக் மிதி இருப்பது வலது காலடியில். பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் வழுக்கவிட்டு வளைவுக்குள் நுழைய, அந்த மிதியும் க்ளட்சை அளந்து விடும் இடக்கை விரலும் துணை. வல்லவர் வேகம் குறையும்வரை மிதியை விடார். பிறகே கால் வெளிவரும். கற்றுக்குட்டியோ இடது வளைவில் செய்ததையே இங்கும் செய்து, ஒரு பிரேக்கை முழுதாகத் துறக்கிறார். வேகம் கருதி நீட்டுபவர், வளைவுக்குத் தேவையான கருவியை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போவாரா? செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் போகிறவர்தான் அப்படிப் போவார். ஆகவே இது ஓட்டத்தின் உறுப்பு அன்று, வழிபாட்டின் உறுப்பு என்க.

இடது காலைப் பற்றிய ஆய்வு இத்துடன் முற்றிற்று. வலது காலுக்குத் தனி நூல் வேண்டும். அது வெளிவரும்வரை ஓட்டுபவர்கள் வலது காலைப் பின்பிரேக்கின் மேலேயே வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.