சிரிக்காத தாத்தா!

ஏம்பா பேராண்டி, கழுத்துல ரெண்டு கேமரா, முதுவுல ஒரு மூட்ட, இடுப்புல நாலு பை. கூவாகத்துக்குப் போறியா, எல்லைக் காவலுக்குப் போறியா?

சித்திர பொறந்தாப் போதும், உளுந்தூர்பேட்ட பஸ் ஸ்டாண்டுல எறங்குற கூட்டத்துல பக்தன் எவன், போட்டோக்காரன் எவன்னு தெரியல. என்ன வேலைன்னு கேட்டா "ப்ரீலான்ஸ் தாத்தா"ங்கற. மொதலாளி இல்லாத தொழிலாம். மொதலாளி இல்லன்னா சம்பளமும் இல்லங்கறத ஒனக்கு எவனும் சொல்லலயா? லென்ஸு வேற நாள் வாடகையாம்.

கூவாகத்துல அரவான்னு சொல்ற கூத்தாண்டவருக்குத் திருவிழா 18 நாளு. சாகை வாத்து, அதான் கூழு ஊத்தி, ஆரம்பிக்கறாங்க. சுத்துப்பட்டு ஊருங்கள்லேர்ந்து சாமிக்குக் கையி காலு மாரெல்லாம் வந்து சேருது. அதயெல்லாம் எவன் பாக்கறான்? நீங்கல்லாம் வர்றது ராத்திரி திருநங்கைங்க தாலி கட்டிக்கறப்ப ஒருக்கா, மறுநா பந்தலடியில தாலி அறுக்கறப்ப ஒருக்கா. மத்த நாளெல்லாம் அரவான் தனியாத்தான் கெடக்கறாரு.

வேண்டுதலுக்காவ நம்ம ஊரு ஆம்பளைங்களுந்தான் அவருக்குத் தாலி கட்டிக்கறாங்க. மீசயும் லுங்கியுமா கழுத்துல மஞ்சக் கயிறோட நிக்கறான். அவன ஒருத்தனாவது புடிக்கறியா? அந்த மூஞ்சிக்குப் பரிசு கெடைக்காது. அப்படித்தான?

திருநங்கைப் புள்ளைங்க அழுவுதே, அதுதான் ஒனக்கு வேணும். வளையல ஒடச்சி, தாலிய அறுத்து, தல முழுவி, வெள்ளப் பொடவ கட்டுதுங்க. அரவானுக்கு மட்டுமா அழுவுதுங்க? வூட்ட வுட்டுத் தொரத்துன அப்பன நெனச்சி, செத்தப்ப மொகம் பாக்க முடியாமப் போன ஆத்தாள நெனச்சி, எல்லாஞ் சேந்து பொங்குது. மூஞ்சிக்கு ஒரு மொழம் தள்ளி நின்னுகிட்டு, "அக்கா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க"ங்கறான் ஒருத்தன். வெளிச்சம் பத்தலயாம், இன்னொரு வளையல ஒடைக்கணுமாம்! ஒங்க வூட்டு எழவுல ஒங்க ஆயாகிட்ட இப்படிக் கேட்டா, தொடப்பம் எங்க பறக்கும்?

அந்தப் புள்ளைங்க கையிலயும் போன் இருக்குது. அதுங்களே எடுத்துக்கற படத்தப் பாரு. ஜிமிக்கி, மல்லிப்பூ, வாயி நெறைய சிரிப்பு. ஒன் படத்துல மட்டும் ஒருத்தியும் சிரிக்க மாட்டா.

என்கிட்டயே ஒருத்தன் வெளாட்டு காட்டுனான். மொதல்ல கண்ணாடியக் கழட்டுன்னான். அப்பறம் சட்டயக் கழட்டுன்னான். தலையில துண்டக் கட்டி, சுருட்டு குடிக்காத எனக்கு ஒரு சுருட்டயும் சொருவி, "சிரிக்காத தாத்தா, தூரமா பாரு"ன்னான். தூரத்துல என்னடா இருக்குது, டோல்கேட்டுதான? வாத்தியாரு பென்ஷன் வாங்கறாப்பல நானும் மாசாமாசம் பேங்குக்குப் போறவன். படத்துல பாத்தா மூணு நாளு பட்டினி.

திருவண்ணாமல நமக்கு எட்டுன தூரந்தான். 1950ல ரமணரு ஒடம்பு முடியாமக் கெடந்தப்ப ஒரு பிரெஞ்சு போட்டோக்காரரு அங்க இருந்தாரு. கார்த்தியே பிரெசோன்னு பேரு. ஒலகமே கும்புடுற கையி. அந்தாளு பிளாஷு அடிக்க மாட்டாராம், மரியாத இல்லன்னு. கேமராவுல மின்னுற எடத்துல கறுப்பு டேப்பு ஒட்டி மறச்சிக்குவாராம், எதிர்ல இருக்கறவன் மெரளக் கூடாதுன்னு. அவரு ஒளிச்சாரு. நீ கேமராவ விடப் பெருசா அதும் பேர எழுதுன வாரத் தொங்கவுட்டுகிட்டுத் திரியற.

வெள்ளிமலைக்குப் போயி மலவாசிங்கள எடுக்கறேங்கற. போ, நல்லா எடு. எடுத்த படத்த அவங்க கண்ணுல காட்டுனியா? படம் எடுக்கறதும் மொய் வாங்கறதும் ஒண்ணுதான்டா, திருப்பிச் செய்யணும். நாலு படத்தக் கழுவி கவர்ல போட்டு அடுத்த வாட்டி எடுத்துட்டுப் போ. காசு கம்மிதான். அப்பறம் பாரு, "வா தம்பி, சாப்புட்டியா"ன்னு திண்ணையில ஒக்கார வச்சி அவங்களே வூட்டுல இருக்கற அத்தன பேரயும் கூட்டியாந்து நிறுத்துவாங்க. எவனும் தூரமாப் பாக்க மாட்டான். ஒன்னத்தான் பாப்பான்.

வயித்துக்குத்தான் இன்னா பண்றதுன்னு கேக்கறியா? ஊருக்கு ஊரு மாரியம்மன் தேரு ஓடுது. கமிட்டிக்காரன் கூப்புட்டா போ. கலைன்னு பேசாத. படத்துல தேரும் வுழணும், தர்மகர்த்தா தொப்பயும் வுழணும், ஒபயதாரரு துண்டும் வுழணும். பேனருக்கு அதுதான் போவும். பணத்த மட்டும் வடம் புடிக்கறதுக்கு முன்னாடியே வாங்கிடு. தேரு நெலைக்கு வந்துட்டா, ஒன் லென்ஸு எத்தினி தூரம் இழுத்தாலும் பொருளாளரு அதுல வுழ மாட்டாரு.