கொலோனில் பதிந்த கியூபா

1988இல் கொலோனில் எங்களுக்குக் கோடை என்றால் ஹோஹே ஸ்ட்ராஸெயில் ஓர் உணவகத்தின் பின்கட்டுதான். கோப்பை கழுவும் வேலை. அடுப்பு வெக்கைக்குள் கசெட்டில் விஸ்வநாதன் – ராமமூர்த்தி பாட்டு ஓடும். இலங்கை வானொலியில் கேட்டு வளர்ந்த அந்தப் பொங்கோ அடியை எங்கள் ஊர்ச் சொத்தாகவே நினைத்திருந்தோம். அது கியூபாக் கறுப்பின மக்களின் கொட்டு என்றோ, அதை நாங்கள் நிற்கும் இதே நகரத்தில் இசைத்தட்டாகப் பதித்திருந்தார்கள் என்றோ அப்போது எங்களுக்கு யார் சொல்ல இருந்தார்கள்?

1950களில் அதே தெருவில் ஜிஜி காம்பி என்ற இத்தாலியக் குடும்பத்துப் பிள்ளையின் ஐஸ்கிரீம் கடையில் ஜாஸ்காரர்கள் கூடுவார்கள். 1961இல் அவர் ஒரு பெரிய வாத்தியக்குழுவைத் திரட்டினார். தலைமைக்கு இருவர்: அமெரிக்கக் கறுப்பினத்தவரான டிரம்ஸ் மேதை கென்னி கிளார்க், பெல்ஜியத்துப் பியானோக்காரர் ஃபிரான்சி போலாண்ட். கலைஞர்கள் பல நாட்டவர்கள், வெவ்வேறு நகரங்களில் குடியிருந்தவர்கள். பாரிஸிலிருந்தும் லண்டனிலிருந்தும் எங்கள் சனம் கல்யாணத்துக்கு வந்து இறங்குவதுபோல, ஒலிப்பதிவுக்குக் கொலோனில் வந்து இறங்குவார்கள்.

1968இல் அவர்கள் பதித்த 'லத்தீன் கெலைடோஸ்கோப்' இப்போது என் வீட்டில் இருக்கிறது. முதற்பக்கம் கேரி மெக்ஃபார்லண்ட் எழுதியது. இரண்டாம் பக்கம் போலாண்டின் 'கியூபன் ஃபீவர்'. இந்தக் குழுவில் டிரம்ஸுக்கு இரண்டு பேர். கிளார்க்குக்குப் பக்கத்தில் கென்னி கிளேர் என்ற ஆங்கிலேயர்.

கிளார்க் யார் என்று தெரிந்தபின் தட்டு இன்னும் இனித்தது. 1947 டிசம்பர் 30ஆம் திகதி நியூயோர்க்கில் டிஸ்ஸி கில்லெஸ்பியின் குழு 'மான்டேக்கா'வைப் பதித்தபோது டிரம்ஸில் இருந்தவர் அவர்தான். கொங்காவில் ஹவானாவின் சானோ போஸோ. கொங்காவும் பாஸும் தொடங்கும், சாக்ஸபோன் வந்து ஏறும், பிறகு எக்காளங்கள் வெடிக்கும். ஆப்பிரிக்கக் கியூபா ஜாஸ் என்றால் இன்றும் முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பாட்டுத்தான். அடுத்த டிசம்பரிலேயே போஸோவை ஹார்லெமில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். முப்பத்துமூன்று வயது. அவருக்குப் பக்கத்தில் இருந்து வாசித்த கை இருபது வருடம் கழித்துக் கொலோனில் கியூபாவை வாசித்திருக்கிறது. நாங்கள் தட்டுக் கழுவிய தெருவில் ஐஸ்கிரீம் விற்ற ஒருவர் அதற்கு வழி செய்திருக்கிறார். இதை நினைத்தால் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

கோடையில் நான் இரண்டாம் பக்கத்தைத்தான் முதலில் போடுவேன். ஜூனில் இரவு பத்து மணிக்கும் வானம் வெளுத்தே கிடக்கும், ஆனால் பத்துக்குப் பிறகு சத்தம் கூடாது. ஆகவே எட்டரைக்கே பால்கனிக் கதவைத் திறந்துவிடுவேன். சில நாள் மேல்மாடித் துருக்கிக்காரர் எட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் சத்தமாக வை என்பார்.