பைசா செலவில்லாத பால்கனித் தோட்டம்

நான்கடிக்குப் பத்தடி பால்கனி. அதில் பாதியை வாஷிங் மெஷின் பிடித்துக்கொண்டது. மீதியில் காய்கறி போட வேண்டும், கையிலிருந்து காசும் போகக் கூடாது. சென்னையில் வாடகை ஃப்ளாட்டில் குடியிருப்பவர்களின் இந்த நியாயமான ஆசைக்கு வழி இருக்கிறது. ஆனால் செலவே இல்லாத தோட்டம் என்று எதுவும் கிடையாது. அந்தச் செலவு யாருடையது என்பதில்தான் சூட்சுமம்.

முதலில் தொட்டி. நர்சரி இருக்கும் திசையில் தலைவைத்தும் படுக்காதீர்கள். தெருவில் யார் வீட்டில் கல்யாணம் என்று விசாரியுங்கள். கல்யாணம் என்றால் பெயின்ட் அடிப்பார்கள்; பெயின்ட் அடித்தால் 20 லிட்டர் வாளி மிஞ்சும். தக்காளிக்கும் கத்தரிக்கும் அந்த அளவு கச்சிதம். மொய் எழுதும்போதே வாளியைப் பற்றியும் ஒரு வார்த்தை போட்டு வையுங்கள். மொய் ஐந்நூறு ரூபாய், வாளி இலவசம். கீரைக்கு அரையடி ஆழம் போதும் என்பதால் மீன் மார்க்கெட்டில் தூக்கிப் போடும் தெர்மாகோல் பெட்டி தாராளம். கவிச்சி சில நாள் இருக்கத்தான் செய்யும். அதைப் பக்கத்து வீட்டாரோடு பங்கிட்டுக்கொள்ளலாம். அரிசிச் சாக்கு மட்டும் வேண்டாம். சில மாத வெயிலிலேயே நைந்துபோய், தூக்கும்போது பை கையோடு வரும், மண் தரையிலேயே நிற்கும். வாளியின் அடியில் ஓட்டை போடக் கம்பியைக் கேஸ் அடுப்பில் பழுக்கக் காய்ச்ச வேண்டும். வீட்டில் எல்லோரும் கோயிலுக்குப் போயிருக்கும் நேரம் இதற்கு உத்தமம்.

செம்மண்ணை மட்டும் நிரப்பினால், தண்ணீர் விட்ட வாளி முப்பது கிலோ கனக்கும். ஹவுஸ் ஓனருக்கு ஏற்கெனவே விரிசல் கவலை. அதனால் மண் ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரமோ மக்கிய சாணமோ ஒரு பங்கு. பொள்ளாச்சிப் பக்கம் உறவு இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். "வரும்போது ஒண்ணும் வாங்கிட்டு வராதீங்க மாமா" என்று சொல்லிவிட்டு, அவர் போனை வைப்பதற்குள், "நார்க்கழிவுக் கட்டி மட்டும் ரெண்டு" என்று சேர்த்துவிடுங்கள். ஐந்து கிலோக் கட்டி ஊறினால் இரண்டு மூன்று வாளிக்குத் தாராளமாக வரும். அதில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிய வேண்டும். மாமா பிரயாணக் களைப்பு தீர்ந்து சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார்?

தண்ணீர் விஷயத்தில் ஜாக்கிரதை. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, குடத்தோடு லாரிக்குக் காத்து நின்ற ஊர் இது. நீங்கள் ஹோஸ் பைப்போடு நிற்பதை அசோசியேஷன் செயலாளர் பார்த்தால் அடுத்த கூட்டத்துக்கு நீங்கள்தான் அஜெண்டா. அரிசி களைந்த நீர் நல்லது. ஆர்.ஓ. மெஷினின் கழிவு நீரைத் தினமும் விடாதீர்கள். உப்பேறி இலையோரம் கருகும். ஏ.சி. தண்ணீரில் உப்பே கிடையாது. மேல் வீட்டு ஏ.சி. குழாய் உங்கள் பால்கனி வழியாகத் தொங்குகிறதென்றால் அதன் கீழ் ஒரு வாளியை வைத்துவிட்டு, மே மாதத்தில் அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் "என்னமா வெயில்!" என்று சொல்லிக்கொண்டிருங்கள். கரண்ட் பில் அவர்களுடையது.

விதை அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கிறது. வெந்தயத்தை அப்படியே தூவலாம். தனியாவை முழுசாகப் போட்டால் முளைக்க முரண்டு பிடிக்கும். அதைத் தரையில் பரப்பி, செருப்பின் அடியால் அழுத்தாமல் தேய்த்தால், ஒவ்வொன்றும் இரண்டு பருப்பாகப் பிளக்கும். செருப்பைக் கழுவினீர்களா என்று மாமியார் கேட்பார். கழுவிவிட்டேன் என்று சொல்லுங்கள். புதினாவுக்கு விதையே வேண்டாம். ஆய்ந்து போட்ட தண்டைச் செருகினால் பிடித்துக்கொள்ளும்.

தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். அது உங்கள் பால்கனியில் இல்லை, ஓனரம்மா வடகம் காயவைக்கும் மொட்டை மாடியில் இருக்கிறது. காக்காய் விரட்டுகிறேன் என்று போய் உட்காருங்கள். முதல் நாள் ஒரு வாளி, மறுவாரம் இன்னொன்று. அவசரப்பட்டால் காரியம் கெட்டுவிடும்.

மாவுப்பூச்சி வரும். வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியது போலத் தெரிந்தால் அதுதான். 2008இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி தலைகாட்டியபோது, அதை அடக்க 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளையே வரவழைத்தது அரசாங்கம். உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். வீட்டில் யாருடைய டூத் பிரஷ் பழசாக இருக்கிறது என்று பாருங்கள். லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்பு, சாயங்காலமாக இலையின் அடிப்பக்கம் தேய்க்க வேண்டும். அவருக்குப் புது பிரஷ் அவரே வாங்கிக்கொள்வார்.

அறுவடைக்கு வருவோம். நான்கு வெண்டைச் செடி வைத்தால் ஒரு நாள் இரண்டு காய், ஒரு நாள் மூன்று. பொரியலுக்குச் சேரட்டும் என்று செடியிலேயே விட்டால் மூன்றாம் நாள் முற்றிவிடும். நுனியை ஒடித்தால் ஒடியாது, நாராக வளையும். பிஞ்சாகப் பறித்து ஃபிரிட்ஜில் சேர்த்தால் முதலில் பறித்தது வதங்கியிருக்கும். கடையில் அரைக்கிலோ வாங்கி, நம்முடையதை மேலே தெரியும்படி அடுக்கிப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதே நடைமுறை.

வரவு செலவுக் கணக்கு எழுதுவதானால் 2023 ஜூலை போல ஒரு மாதம் வரும்வரை காத்திருங்கள். தக்காளி கிலோ நூறைத் தாண்டி, ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்றார்களே, அந்த மாதிரி. மற்ற மாதங்களில் நோட்டைத் திறக்காதீர்கள்.

தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது சாவியை எதிர் வீட்டு அக்காவிடம் கொடுத்து, "தண்ணி மட்டும் ஊத்துங்கக்கா, காய்ச்சது எல்லாம் நீங்களே எடுத்துக்குங்க" என்று தாராளமாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பழுத்தது, பிஞ்சு எல்லாவற்றையும் அன்று காலையிலேயே பறித்துப் பையில் வைத்திருப்பீர்கள்.