கட்டிலுக்கும் கத்திக்கும் என்ன உறவு?

பெறுநர்:
கிளெய்ம் பிரிவு மேலாளர் அவர்கள்,
நான் பிரீமியம் கட்டும் காப்பீட்டு நிறுவனம்.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

மருத்துவர் என் பித்தப்பையை எடுத்தார். மிச்சமிருந்த பணப்பையை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். இருவருக்கும் நன்றி.

உங்கள் கணக்குத் திறமையை நாலு பேருக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் பாலிசி 5 லட்சத்துக்கு. அறை வாடகை வரம்பு அதில் 1 சதவீதம், அதாவது நாளுக்கு 5,000 ரூபாய். காலியாக இருந்ததோ 10,000 ரூபாய் அறைதான். மூன்று நாளுக்கு 15,000 கைக்காசு போகும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு படுத்தேன். அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர், ஆபரேஷன் தியேட்டர் என்று வந்த 1,20,000 ரூபாயையும் நீங்கள் சரிபாதியாக வெட்டினீர்கள். ஆக மொத்தம் 75,000 என் தலையில். கேட்டால், 'விகிதாசாரக் கழிவு' என்றார் உங்கள் அதிகாரி: அறை வாடகையில் பாதிதான் கிடைக்கும் என்றால் மற்றக் கட்டணத்திலும் பாதிதானாம்.

பெரிய அறைக்காரனிடம் அதே அறுவைக்குக் கூடுதலாக வாங்கலாம் என்று மருத்துவமனை நினைக்கிறது. அந்தக் கூடுதலை நாம் ஏன் தர வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். இடையில் படுத்திருப்பவனுக்கு நினைக்க வழியில்லை. அவனுக்கு மயக்க மருந்து கொடுத்தாகிவிட்டது.

மருந்துக்கும் பரிசோதனைக்கும் இந்த வெட்டு கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ சொல்லியிருக்கிறது. அதனால் மாத்திரைகள் முழுசாகத் தப்பின. அதே ஆணையம் இன்னொன்றும் சொல்லியிருக்கிறது: அறைக்கு ஏற்பக் கட்டணத்தை மாற்றாத மருத்துவமனையில் விகிதாசாரக் கழிவே கூடாது. என் மருத்துவமனை மாற்றுகிறதா இல்லையா என்று விசாரித்தீர்களா? விசாரித்திருந்தால் அந்தக் கட்டணப் பட்டியலை அனுப்புங்கள். விசாரிக்கவில்லையென்றால் 60,000 ரூபாயை அனுப்புங்கள். எது வந்தாலும் மகிழ்ச்சி. இரண்டாவது வந்தால் கூடுதல் மகிழ்ச்சி.

30 நாளில் பதில் இல்லையென்றால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போவேன். அவர் கட்டணம் வாங்குவதில்லை. ஆகவே அங்கே பாதியாக வெட்ட எதுவும் இல்லை.

இப்படிக்கு,
முழு பிரீமியம் கட்டிய
பாதி வாடிக்கையாளன்.

பி.கு.: இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: பாலிசியோடு வரும் வாடிக்கையாளர் தகவல் தாளில் அறை வாடகை வரம்பை முதலில் பாருங்கள். பிடிக்கவில்லையென்றால், பாலிசி புதிதாகக் கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். படுத்த பிறகு அந்த வசதி கிடையாது.