கிருஷ்ணா நதி எங்கே இருந்தது?

கே: கல்யாணமாகி நான்கு வருஷம். முதல் தடவையாக நாங்கள் இருவரும் புல்லட்டில் கொல்கத்தா வரை போகிறோம். முதல் நாளே விஜயவாடாவைப் பிடித்துவிடலாமா?
(ஒரு தம்பதி, ராயபுரம்)

ப: பிடித்துவிடலாம். போய் இறங்கிய பிறகு ஒருவரோடு ஒருவர் பேசத் தெம்பு இருக்குமா என்று யோசியுங்கள். விஜயவாடா ஏறக்குறைய 450 கி.மீ. கல்யாணமான புதிதில் நான் அந்தத் தப்பைச் செய்தேன். டீக்கு நிறுத்தச் சொன்னாள், நிறுத்தவில்லை. முதுகு வலிக்கிறது என்றாள், இதோ வந்துவிட்டது என்றேன். கிருஷ்ணா பாலத்தைக் கும்மிருட்டில் தாண்டினோம். அத்தனை பெரிய நதியை அவள் பார்க்கவே இல்லை. "கிருஷ்ணா நதி எங்கே இருந்தது?" என்று இன்றைக்கும் கேட்கிறாள். என்னிடம் பதில் இல்லை.

உங்கள் ஊர் ஸ்டேஷனையே பாருங்கள். 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது. அது போன தூரம் வாலாஜா வரைதான், நூறு கிலோமீட்டர் சொச்சம். பின்னால் நாடு முழுக்க ஓடப்போகிற ரயிலுக்கே முதல் நாள் அவ்வளவு போதுமாக இருந்தது. உங்களுக்கு நெல்லூர் போதும், 175 கி.மீ. கொல்கத்தாவுக்கு 1,600 கி.மீ.க்கு மேல் இருக்கிறது. அது எங்கும் ஓடிவிடாது.

கே: எத்தனை மணிக்குக் கிளம்புவது?
(வாசகர், தண்டையார்பேட்டை)

ப: காசிமேட்டில் மீன் ஏலம் சூடு பிடிக்கிற நேரத்துக்கு. விடிந்தபின் கிளம்பினால் மூலக்கடையைத் தாண்டுவதற்குள்ளேயே பாதி உற்சாகம் போய்விடும்.

கே: எந்த வழி நல்லது?
(வாசகி, திருவொற்றியூர்)

ப: ராயபுரத்தார் மூலக்கடை, மாதவரம், செங்குன்றம் வழியாக ஜி.என்.டி. ரோட்டிலேயே போகலாம். உங்களுக்கு மணலி, மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பஞ்செட்டியில் ஏறுவது பக்கம். ஆனால் அந்த வழியில் துறைமுகத்துக்குப் போகிற ட்ரெய்லர்கள் வரும். கன்டெய்னர் ஏற்றிய வண்டியின் இடது பக்கம் ஒட்டிப் போகவே போகாதீர்கள். அங்கே இருப்பது டிரைவர் கண்ணுக்குத் தெரியாது. இது மட்டும் என் கெஞ்சல்.

கே: இவ்வளவு தூரத்துக்கு எந்த வண்டியை நம்பலாம்?
(வாசகர், எண்ணூர்)

ப: எண்ணூர்க்காரர் கேட்கிற கேள்வியா இது! 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், அசெம்பிளி செய்த ஆஸ்டின் கார்களை உங்கள் எண்ணூரிலிருந்துதான் வெளியே அனுப்பியது. 1955இல் அதுவே அசோக் லேலண்ட் ஆனது. அதே 1955இல் இங்கிலாந்தின் ரெட்டிச்சில் புல்லட் செய்துவந்த கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கைகோத்தன. பட்டாளத்துக்குத் தேவைப்பட்ட புல்லட் திருவொற்றியூரில் உருவாக ஆரம்பித்தது. இங்கிலாந்தில் அந்தக் கம்பெனி பிற்பாடு மூடப்பட்டது. அதற்குப் பிறகும் திருவொற்றியூரில் 'டுப் டுப்' தொடர்ந்தது. டயர்? 1946இல் திருவொற்றியூர்க் கொட்டகை ஒன்றில் குழந்தைகள் ஊதி விளையாடும் பலூன் செய்துகொண்டிருந்த சின்னத் தொழில்தான் எம்.ஆர்.எஃப்.

லாரி, மோட்டார் சைக்கிள், டயர் மூன்றும் ஒரே ரோட்டு ஓரத்தில் பிறந்தவை. லடாக்கில் ஒரு புல்லட் மூச்சு வாங்கி ஏறுகிறதென்றால், அதன் பிறந்த வீட்டு ஆலைச் சங்கு யார் காதில் விழுந்தது? ஷிஃப்ட்டுக்கு ஓடிய உங்கள் அப்பாவின் காதில், தாத்தாவின் காதில். ஆகவே எந்த வண்டியானாலும் சரி, கிளம்பும் முன் செயின், பிரேக், டயர் காற்று மூன்றையும் அக்கறையாகப் பாருங்கள். அதைச் செய்த கைகளுக்கு நாம் காட்டுகிற மரியாதை அது.

கே: மனைவிக்கு லீவு இரண்டு நாள் கழித்துத்தான். நான் முன்னால் வண்டியில் போய்விட்டு, அவள் ரயிலில் விசாகப்பட்டினம் வந்து சேர்ந்தால் என்ன?
(வாசகர், திருவொற்றியூர்)

ப: ஊர் எல்லையைத் தாண்டும்போது கண்ணைக் கசக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்! சங்கிலி நாச்சியாரை உங்கள் ஊரில் மணந்த சுந்தரர், உன்னைப் பிரியேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்தார். வசந்த காலம் வந்தது, திருவாரூர் ஞாபகம் இழுத்தது, தனியாகக் கிளம்பினார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயின என்கிறது பெரியபுராணம். வெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது, காஞ்சியில் ஒரு கண், திருவாரூர் போனபின்தான் மறு கண். தமிழில் எழுதப்பட்ட முதல் நாள் பயணங்களிலேயே இவ்வளவு துயரமான இன்னொன்றை நான் படித்ததில்லை. இரண்டு நாள் பொறுங்கள். சேர்ந்தே கிளம்புங்கள்.

கே: நான் பின்னால் உட்கார்ந்து வருகிறவள். எனக்கு என்ன வேலை?
(வாசகி, கொருக்குப்பேட்டை)

ப: எங்கே நிறுத்துவது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஓட்டுகிறவருக்குத் தன் அலுப்பு தெரியாது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரம் தோளைத் தட்டுங்கள், மறுபேச்சில்லாமல் அவர் நிறுத்த வேண்டும். சூலூர்பேட்டையில் இட்லி. மார்கழி, தை என்றால் அதைத் தாண்டி நேலபட்டு ஏரிக்குத் திரும்புங்கள், கூழைக்கடாக்கள் கூடு கட்டியிருக்கும். ஹெல்மெட் இருவருக்கும். உங்களுடையது அவருடையதைவிட மட்டமாக இருக்கக் கூடாது.

கே: காரில் போகிறோம். மனைவிக்கும் லைசென்ஸ் இருக்கிறது. ஆனால் ஹைவேயில் அவளிடம் ஸ்டியரிங்கைக் கொடுக்க மனசு வரவில்லை.
(வாசகர், மணலி)

ப: உலகத்தின் முதல் நீண்ட கார்ப் பயணத்தைச் செய்தவரே ஒரு மனைவிதான். 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ், கணவர் கார்லுக்குத் தெரியாமல் இரண்டு மகன்களோடு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் போனார், நூறு கிலோமீட்டர் அளவு. எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பி ஊசியால் குத்திச் சரி செய்தார். பிரேக் தேய்ந்தது. செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தைத்துக்கொண்டார். காரைக் கண்டுபிடித்தவர் கணவர், அது ஊர் விட்டு ஊர் போகும் என்று காட்டியவர் மனைவி. சாவியைக் கொடுங்கள்.

கே: எண்ணூரிலிருந்து கிளம்பினால் பார்க்க என்ன இருக்கிறது? புகையும் சாம்பலும்தானே?
(வாசகி, அடையாறு)

ப: முகத்துவாரத்துக்கு ஒரு விடியலில் வாருங்கள். கொசஸ்தலையாறு கடலைத் தொடுகிற இடத்தில் மீனவர்கள் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று கையாலேயே இறால் தேடுவார்கள். பின்னால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அதே கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. வலையும் படகும் கறுத்தன, அலையாத்தி மரங்களின் காலும் கறுத்தது. நாடு முழுக்க வண்டி ஓட, வெளிச்சம் எரிய, இந்த ஊர் கொடுத்த விலை அது. இங்கிருந்து கிளம்புகிறவர்கள் அதைப் பார்க்காமல் போகக் கூடாது என்பேன். பத்து நிமிஷம் போதும்.

கே: இப்படி ஆமை மாதிரிப் போனால் போரடிக்காதா?
(வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை)

ப: அர்ஜென்டினா எழுத்தாளர் ஹூலியோ கொர்த்தாஸாரும் அவர் மனைவி கரோல் டன்லப்பும் 1982 மே மாதம் பாரிஸிலிருந்து மார்செய்க்குக் கிளம்பினார்கள். ஒரே நாளில் போய்விடக் கூடிய நெடுஞ்சாலை. அவர்கள் ரோட்டை விட்டு இறங்காமல், தினம் இரண்டே இரண்டு ஓய்விடங்கள் என்று 33 நாள் போனார்கள். ஃபாஃப்னர் என்று பெயர் வைத்த பழைய வேன்தான் வீடு. மரத்தடியில் டைப்ரைட்டரை வைத்து எழுதினார்கள். அதே வருஷம் நவம்பரில் கரோல் காலமானார். ஒரே நாளில் போய்ச் சேர்ந்திருந்தால் கொர்த்தாஸாருக்கு அந்த 33 நாள் கிடைத்திருக்குமா?

கே: முதல் நாளே சண்டை வந்தால்?
(வாசகி, ராயபுரம்)

ப: பாதிச் சண்டை பசியில் வருவது. முதலில் சாப்பிடுங்கள். மீதிச் சண்டைக்கு நிழல் பார்த்து வண்டியை நிறுத்துங்கள். ஓடுகிற வண்டியில் மட்டும் வேண்டாம்.

கே: சரி, நெல்லூர் போதும் என்கிறீர்கள். மத்தியானமே போய்ச் சேர்ந்துவிடுவோமே, அப்புறம் என்ன செய்வது?
(முதல் கேள்வி கேட்ட அதே தம்பதி)

ப: இரண்டாவது கடிதமும் போட்டுவிட்டீர்கள், சந்தோஷம். குளித்துவிட்டு நெல்லூர் மீன் குழம்போடு சோறு சாப்பிடுங்கள். புளியும் காரமும் நம் காசிமேட்டு நாக்குக்கே சவால் விடும். தூங்குங்கள். சாயங்காலம் பெண்ணாற்றுப் பக்கம் நடந்துவிட்டு, இரண்டு வீட்டு அம்மாக்களுக்கும் போன் போடுங்கள், முதலில் யார் அம்மாவுக்கு என்று சண்டை போடாமல். மறுநாள் விடியலில் கிளம்பினால் மத்தியானம் கிருஷ்ணா வந்துவிடும். பாலத்தின் மேல் நிறுத்தாதீர்கள், விஜயவாடா பக்கம் படித்துறையில் இறங்குங்கள். நல்ல வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். வீட்டில் ஒருவருக்குக் காட்ட வேண்டும்.